அட்லாண்டாவில் பொது கோல்ஃப் கோர்ஸ்: பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

மார்ச் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை. வார இறுதிக்கான முழுக் கட்டணத்தையும் இரண்டு நாள் முன்பே ஆன்லைனில் கட்டிவிட்டு, நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் கிரீனுக்கு (குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டிய புல் தரை) போய்ப் பார்த்தால் தரை முழுக்க மணல். மணலுக்கு அடியில் வரிசை வரிசையாகத் துளைகள். பந்தை எப்படித் தட்டினாலும் துள்ளித் துள்ளி எங்கேயோ போனது. திரும்பி வந்து கவுன்டரில் கேட்டால், "போன வாரம்தான் ஏரேஷன் பண்ணினோம்" என்று சாதாரணமாகச் சொன்னார்கள். புல் தரையில் துளை போட்டு மணல் நிரப்பும் வேலைக்குத்தான் அந்தப் பெயர். புக் செய்த பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பணமும் திரும்பி வரவில்லை.

அட்லாண்டாவுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கோர்ஸ் நல்லா இருக்கும்?" என்பதுதான். அதற்கு ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிட முடியாது. மே மாதம் பச்சைக் கம்பளமாகக் கிடக்கும் அதே கோர்ஸ் ஜனவரியில் காய்ந்த வைக்கோல் நிறத்தில் இருக்கும். ஜூலையில் ஏதோ ஒரு வாரம் கிரீன் முழுக்க மணலாக இருக்கும். எந்தக் கோர்ஸ் என்பதைவிட எந்த மாதம், எந்த வாரம், எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்பதுதான் உங்களுக்குக் கிடைக்கும் தரத்தை முடிவு செய்கிறது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. யார் நடத்துகிற கோர்ஸ் என்று பாருங்கள்

ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் கிரீக் பக்கம் குடியிருப்பவர்களுக்கு வீட்டைச் சுற்றிலும் கோல்ஃப் மைதானமாகத் தெரியும். அவற்றில் பெரும்பாலானவை தனியார் கிளப்கள். உறுப்பினர் யாராவது கூட்டிப் போனால்தான் உள்ளே போக முடியும். நமக்குத் திறந்திருப்பவை நான்கு வகை.

முதலாவது, அட்லாண்டா மாநகராட்சியின் கோர்ஸ்கள். பிரவுன்ஸ் மில், ஆல்ஃபிரட் டப் ஹோம்ஸ், சாஸ்டெயின் பார்க் மூன்றும் 18 ஹோல் (பந்தைப் போட வேண்டிய குழி; ஒவ்வொன்றும் ஆட்டத்தில் ஒரு கட்டம்). கேண்ட்லர் பார்க் 9 ஹோல். பிரவுன்ஸ் மில் நகரின் தென்கிழக்கில், விமான நிலையத்துக்குப் பக்கம். டப் ஹோம்ஸ் தென்மேற்கில், ஆடம்ஸ் பார்க்கில் இருக்கிறது. மேடு பள்ளம் அதிகம் என்பதால் புதியவர்கள் அங்கே நடந்து ஆடினால் 12ஆவது ஹோலுக்குள் களைத்துவிடுவார்கள். கேண்ட்லர் பார்க் சின்னது, ஆடம்பரம் எதுவும் இல்லாதது. எட்ஜ்வுட்/கேண்ட்லர் பார்க் என்ற மார்ட்டா (நகர ரயில்) நிலையம் உண்டு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கிருந்து நடந்தே வந்துவிடலாம். கார் வாங்காத புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான்.

இரண்டாவது, பக்ஹெட் பகுதியில் இருக்கும் பாபி ஜோன்ஸ். நிலம் மாநில அரசுக்குச் சொந்தம். ஒரு அறக்கட்டளை நடத்துகிறது. 2018 நவம்பரில் முழுக்கப் புதுப்பித்துத் திறந்தார்கள். 9 ஹோல்தான், ஆனால் இரண்டு திசையிலும் ஆடும்படி அமைத்திருக்கிறார்கள். ஒரு திசைக்கு அசேலியா என்று பெயர், மறு திசைக்கு மக்னோலியா. ஒரு நாள் ஒரு திசையில்தான் ஆட்டம். 18 ஹோல் ஆட விரும்பினால் அதே சுற்றை இரண்டு முறை ஆட வேண்டும். புக் செய்யும்போது அன்றைக்கு எந்தத் திசை என்று பார்த்துக்கொள்ளுங்கள்; பழகிய திசையை மனதில் வைத்துப் போனால் முதல் நான்கு ஹோல் குழப்பமாகத்தான் இருக்கும். ரேஞ்சும் (பந்தடித்துப் பழகும் திடல்) மற்ற பயிற்சி வசதியும் நன்றாக இருக்கின்றன. ஆனால் மாநகராட்சிக் கோர்ஸ்களைவிடக் கட்டணம் அதிகம்.

மூன்றாவது, மாவட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானவை. டிகாப் கவுன்டியின் மிஸ்டரி வேலி, ஷுகர் கிரீக் இரண்டும் இந்த வகை. நான்காவது, தனியார் நடத்தினாலும் அன்றன்றைய கட்டணம் கட்டினால் யாரையும் உள்ளே விடும் கோர்ஸ்கள். ஜான்ஸ் கிரீக்கில் ரிவர்பைன்ஸ் அப்படிப்பட்டது. பெரிய கோர்ஸோடு ஒரு பார்-3 கோர்ஸும் (எல்லா ஹோலும் தூரம் குறைந்தவை) அங்கே உண்டு. கையில் கிளப் (பந்தடிக்கும் மட்டை) பிடித்துப் பழகாதவர்கள் முதல் ஐந்தாறு முறை பார்-3 கோர்ஸிலேயே ஆடிவிட்டுப் பிறகு பெரிய கோர்ஸுக்குப் போவது உங்களுக்கும் நல்லது, பின்னால் ஆடி வருகிறவர்களுக்கும் நல்லது.

ஸ்டோன் மவுன்டன் பூங்காவுக்குள் ஸ்டோன்மான்ட், லேக்மான்ட் என்று இரண்டு 18 ஹோல் கோர்ஸ்கள் உள்ளன. அழகான இடம். பூங்காவுக்குள் வாகனம் நுழையத் தனிக் கட்டணம் உண்டு. கோல்ஃப் ஆட வருகிறவர்கள் அதைக் கட்ட வேண்டுமா என்று புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

2. மாதத்தைப் பாருங்கள்

இங்கே ஃபேர்வேயில் (ஆட்டம் தொடங்கும் இடத்துக்கும் கிரீனுக்கும் நடுவிலுள்ள புல்வெளி) இருப்பது பெரும்பாலும் பெர்முடா புல். வெயிலில் செழிக்கும், குளிரில் உறங்கிவிடும். நவம்பரில் உறைபனி விழத் தொடங்கியதும் பழுப்பாகி, ஏப்ரல் வாக்கில்தான் திரும்பப் பச்சை பிடிக்கும். நான் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், பராமரிப்பே இல்லாமல் விட்டுவிட்டார்கள் என்று நினைத்து ஒரு நல்ல கோர்ஸைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். புல் சாகவில்லை, உறங்கிக்கொண்டிருந்தது. சில கோர்ஸ்கள் இலையுதிர் காலத்தில் மேலாக ரை புல் விதைத்துக் குளிரிலும் பச்சையாக வைத்திருக்கும். அதற்குச் செலவு அதிகம், பொது கோர்ஸ்களில் பலவும் செய்வதில்லை. ஆகவே ஜனவரியில் எடுத்த படத்தைப் பார்த்து ஒரு கோர்ஸை எடை போடாதீர்கள். மே மாதப் படத்தைப் பார்த்து ஜனவரிக்குப் புக் செய்யவும் செய்யாதீர்கள்.

மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை பைன் மரங்களின் மகரந்தம் மஞ்சள் பொடியாக எல்லாவற்றின் மேலும் படியும். தும்மல், கண் எரிச்சல் இருப்பவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு போவது நல்லது.

என் கணக்கில் இங்கே பொது கோர்ஸ்கள் நல்ல நிலையில் இருக்கும் காலம், மே முதல் ஜூன் தொடக்கம் வரை ஒன்று, செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முழுவதும் ஒன்று. அதிலும் அக்டோபர்தான் சிறப்பு. வெயில் இறங்கியிருக்கும், புல் இன்னும் பச்சையாக இருக்கும், பிற்பகல் இடிமழையும் குறைந்திருக்கும்.

3. ஏரேஷன் தேதியைக் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கிரீனை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைக்கிறார்கள். தினமும் நூற்றுக்கணக்கான கால்கள் மிதிப்பதால் மண் இறுகிப்போகும், வேருக்குக் காற்றும் நீரும் இறங்காது. அதனால் ஆண்டுக்குச் சில முறை ஒரு இயந்திரத்தை ஓட்டி, கிரீன் முழுக்கப் பென்சில் பருமனில் துளை போட்டு மண்ணை வெளியே எடுத்துவிட்டு மணலால் நிரப்புகிறார்கள். இதுதான் ஏரேஷன். செய்யாமல் விட்டால் கிரீன் கெட்டுப்போகும். ஆகவே அதைச் செய்கிற கோர்ஸ் பொறுப்பான கோர்ஸ்தான். ஆனால் செய்த முதல் இரண்டு மூன்று வாரம் அங்கே பட்டிங் (கிரீனில் பந்தைக் குழிக்குள் தட்டுவது) ஆட முடியாது.

எப்போது செய்வார்கள் என்பது கிரீனில் இருக்கும் புல்லைப் பொறுத்தது. குளிர் நாட்டுப் புல்லான பென்ட் இருந்தால் வசந்தத்தில் ஒரு முறை, செப்டம்பர் வாக்கில் ஒரு முறை. குட்டை பெர்முடா வகை இருந்தால் அது வேகமாக வளரும் கோடையில். இந்தப் பக்கத்துக் கோடையைப் பென்ட் தாங்குவது கடினம். அதனால் பல கோர்ஸ்கள் குட்டை பெர்முடாவுக்கு மாறிவிட்டன. போனில் கேட்க வேண்டியவை இவை:

"உங்கள் கிரீனில் பெர்முடாவா, பென்டா?"
"கடைசியாக ஏரேஷன் என்றைக்குச் செய்தீர்கள்? அடுத்தது எப்போது?"
"இப்போது தற்காலிகக் கிரீனில் ஆட வேண்டிய ஹோல் ஏதாவது இருக்கிறதா?"

புரோ ஷாப்பில் (கோர்ஸின் கவுன்டர்) போன் எடுப்பவருக்கு முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். இரண்டாவது கட்டாயம் தெரியும். நேராகக் கேட்டால் நேராகச் சொல்லிவிடுகிறார்கள். ஆன்லைனில் மட்டும் புக் செய்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சில இடங்களில் ஏரேஷன் முடிந்த வாரத்தில் கட்டணத்தைக் குறைப்பார்கள். ரேஞ்சில் அடித்துப் பழகிவிட்டு, டீயிலிருந்தும் (ஒவ்வொரு ஹோலிலும் முதல் அடி அடிக்கும் இடம்) ஃபேர்வேயிலிருந்தும் அடித்துப் பார்க்கத்தான் ஆசை என்கிற புதியவர்களுக்கு அந்த வாரம் நல்ல வாய்ப்பு. பட்டிங்கை அன்றைக்கு எண்ணாதீர்கள்.

4. டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரம்) பிடிப்பது

முடிந்தவரை கோர்ஸின் சொந்த இணையதளத்திலேயே புக் செய்யுங்கள். பல கோர்ஸ்களுக்குச் சேர்த்து டீ டைம் விற்கும் செயலிகளில் விலை குறைவாகத் தெரியும். ஆனால் கடைசிப் பக்கத்தில் சேவைக் கட்டணம் சேரும். மலிவாகக் காட்டும் நேரங்கள் பெரும்பாலும் முன்பணம் கட்ட வேண்டியவை, ரத்து செய்தால் பணம் திரும்பாது. என் மார்ச் மாதப் பணம் அப்படித்தான் போனது. கோர்ஸில் நேரடியாகப் புக் செய்திருந்தால் 24 மணி நேரம் முன்பு வரை ரத்து செய்ய விடுவது வழக்கம். ரத்தும் செய்யாமல் போகாமலும் இருந்துவிட்டால் கார்டில் கட்டணம் பிடித்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. விதியைப் படித்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.

சனி, ஞாயிறு காலை நேரங்கள் வேகமாகப் போய்விடும். எத்தனை நாள் முன்பு திறக்கிறார்கள் என்பது கோர்ஸுக்குக் கோர்ஸ் மாறும். அதைக் கேட்டு, திறக்கிற அன்றே உட்கார்ந்து எடுத்துவிடுங்கள். தனியாகப் போகிறவருக்கு இடம் கிடைப்பது எளிது. மூன்று பேர் கொண்ட குழுவோடு சேர்த்து அனுப்புவார்கள். கூச்சப்பட வேண்டாம். நான் ஆட்டம் கற்றதில் பாதி அப்படிச் சேர்ந்து ஆடிய பெரியவர்களிடம்தான்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. அட்லாண்டா கிழக்கு நேர மண்டலத்தின் மேற்கு ஓரத்தில் இருப்பதால் கோடையில் சூரியன் தாமதமாக மறைகிறது. ஜூன் கடைசியில் இரவு 8.50 ஆகிவிடும். பிற்பகலில் தொடங்கும் ட்வைலைட் கட்டணம் காலைக் கட்டணத்தைவிட நன்றாகக் குறைவு. ஐந்து மணிக்கு வேலையை முடித்துவிட்டு வந்தாலும் 9 ஹோல் நிதானமாக ஆடலாம். டிசம்பரில் இதை நம்பாதீர்கள், 5.30-க்கே இருட்டிவிடும். ஆனால் ஒன்று, மாலையில் கிரீனில் காலை முழுக்க ஆடியவர்களின் காலடித் தடம் இருக்கும். கிரீன் வழவழப்பாக வேண்டும் என்றால் காலை முதல் ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும்.

5. கையில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள்

வெறுமனே ஆடுவதற்கு அடையாள அட்டை பெரும்பாலும் தேவைப்படாது. புக் செய்த கிரெடிட் கார்டு போதும். ஆனால் சலுகைக் கட்டணம் கேட்டாலோ கார்ட் (மைதானத்துக்குள் ஓட்டும் சிறு வண்டி) எடுத்தாலோ கேட்பார்கள்.

கார்ட் ஓட்ட ஓட்டுநர் உரிமம். ஜார்ஜியாவில் குடியேறியவர்கள் 30 நாளுக்குள் மாநில உரிமம் எடுத்துவிட வேண்டும் என்பதும் விதி. எடுத்து வைத்திருந்தால் முகவரிச் சான்றாகவும் அதுவே உதவும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவோ அம்மாவோ கார்ட் ஓட்ட ஆசைப்பட்டால், இந்திய உரிமத்தை ஏற்பார்களா என்று முன்கூட்டியே போனில் கேளுங்கள். மூத்தோர் கட்டணத்துக்கு வயதுச் சான்று வேண்டும், பாஸ்போர்ட் போதும். எந்த வயதிலிருந்து மூத்தோர் என்பது இடத்துக்கு இடம் மாறும். மாணவர் கட்டணத்துக்குக் கல்லூரி அட்டை.

அந்த ஊர்வாசிகளுக்கென்று தனிக் கட்டணம் வைத்திருக்கும் கோர்ஸ்களில் புதியவர்கள் அடிக்கடி தடுமாறுகிறார்கள். உங்கள் தபால் முகவரியில் 'அட்லாண்டா' என்று இருந்தால் மட்டும் நீங்கள் மாநகராட்சி எல்லைக்குள் இருப்பதாக ஆகாது. சாண்டி ஸ்பிரிங்ஸ், டன்வுடி, புரூக்ஹேவன் மூன்றும் தனி நகராட்சிகள், ஆனால் அங்கே பல வீடுகளின் தபால் முகவரி அட்லாண்டா என்றே இருக்கும். சொத்து வரி ரசீதில் எந்த நகராட்சியின் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். கவுன்டி கோர்ஸ்களில் கவுன்டி எல்லைதான் கணக்கு.

6. மொத்தம் எவ்வளவு ஆகும்

திரையில் தெரியும் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். கார்ட் சேர்த்தா, வரி சேர்த்தா என்று பாருங்கள். நான் மாநகராட்சி, கவுன்டி கோர்ஸ்களில் வார நாளில் 18 ஹோல் நடந்து ஆட 30 முதல் 50 டாலர் வரை கட்டியிருக்கிறேன். வார இறுதியில் அதற்கு மேல். கார்ட் எடுத்தால் ஆளுக்கு 15 முதல் 20 டாலர் கூடும். வாடகைக் கிளப் ஒரு ஆட்டத்துக்கு 25 டாலருக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. இப்போது பல இடங்களில் விலை நாளுக்கு நாள், நேரத்துக்கு நேரம் மாறுகிறது. அதே செவ்வாய்க்கிழமையில் 11 மணிக்கும் 2 மணிக்கும் பத்துப் பதினைந்து டாலர் வித்தியாசம் வரும்.

நான்கைந்து முறை வாடகைக்கு எடுப்பதைவிடப் பழைய கிளப் செட் ஒன்று வாங்குவது லாபம். பையில் 14 கிளப்தான் அனுமதி. தொடக்கத்துக்கு ஏழெட்டே தாராளம். புதுப் பந்து வாங்காதீர்கள். இங்கே ஃபேர்வேயின் இரு பக்கமும் பைன் காடு, நடுவே ஓடை. முதல் சில மாதத்தில் ஆட்டத்துக்கு ஆறேழு பந்து போகும். பயன்படுத்திய பந்துகளைப் பை பையாக விற்கிறார்கள், அது போதும்.

உடை விஷயத்தில் மாநகராட்சிக் கோர்ஸ்கள் கெடுபிடி செய்வதில்லை. தனியார் தினக்கட்டண கோர்ஸ்களில் காலர் வைத்த சட்டை கேட்பார்கள், ஜீன்ஸ் கூடாது என்பார்கள். காரில் ஒரு காலர் சட்டை கிடக்கட்டும்.

7. போய் இறங்கியதும் பத்து நிமிடம்

அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். கவுன்டரில் பணம் கட்டுவதற்கு முன் பயிற்சி கிரீனுக்கு நடந்து போய் நான்கு பந்தைத் தட்டிப் பாருங்கள். பயிற்சி கிரீனையும் மைதானத்தின் கிரீனையும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான், ஒரே மாதிரிதான் பராமரிக்கிறார்கள். பந்து குதிக்காமல் உருண்டால் நல்லது. மணல் தெரிந்தால் அப்போதே கேளுங்கள், கட்டணத்தைக் குறைக்கச் சொல்லியும் கேளுங்கள். பணம் கட்டிய பிறகு அந்தப் பேச்சு எடுபடாது.

அடுத்து முதல் டீயைப் பாருங்கள். தரை சமமாக இருக்கிறதா, அடித்த குழிகளை மணலால் மூடியிருக்கிறார்களா? பக்கத்திலிருக்கும் பங்கரில் (மணல் நிரப்பிய பள்ளம்) மணல் இருக்கிறதா, அல்லது இறுகிய களிமண்ணா? குறைந்த பணத்தில் ஓடும் பொது கோர்ஸ்கள் முதலில் பங்கரைத்தான் கைவிடும். கிரீன் நன்றாக இருந்து பங்கர் மோசமாக இருந்தால் நான் பொருட்படுத்த மாட்டேன். கிரீனே மோசம் என்றால் அன்றைக்கு 9 ஹோலோடு நிறுத்திவிடுவேன்.

8. மழை, உறைபனி, இடி

அட்லாண்டாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 50 அங்குல மழை. தரை சிவப்புக் களிமண், தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். நேற்று பெய்த மழைக்கு இன்றும் கார்ட்டை ஃபேர்வேயில் விடமாட்டார்கள், பாதையிலேயே ஓட்டச் சொல்வார்கள். அப்படி ஆடினால் ஒவ்வொரு அடிக்கும் பாதையிலிருந்து பந்துவரை நடந்து திரும்ப வேண்டும். கார்ட்டுக்குப் பணம் கட்டியும் பாதித் தூரம் நடைதான். காலையில் போன் செய்து "இன்றைக்குக் கார்ட் பாதை மட்டுமா?" என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காலையில் உறைபனி இருந்தால் ஆட்டத்தைத் தள்ளிவைப்பார்கள். உறைந்த புல்லை மிதித்தால் தண்டு நொறுங்கி, காலடி கறுப்பாகப் பதிந்து வாரக்கணக்கில் மறையாது. 8 மணிக்கு எடுத்த நேரம் 10 மணிக்குப் போகலாம். பெர்முடா கிரீன் உள்ள இடங்களில் கடுங்குளிர் இரவுகளில் கிரீனைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். மறுநாள் திறக்கிறார்களா என்று கேட்காமல் கிளம்பக் கூடாது. குளிர்காலத்தில் 11 மணிக்குப் பிறகு எடுங்கள், இந்தச் சிக்கல் பெரும்பாலும் இருக்காது.

கோடைப் பிற்பகலில் இடி வரும். சைரன் ஒலித்தால் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள், மரத்தடியில் நிற்காதீர்கள். ஆட்டம் நின்றுபோனால் மீதி ஹோல்களுக்கு ரெயின் செக் (இன்னொரு நாள் பயன்படுத்தும் சீட்டு) தருவார்கள். எத்தனை ஹோலுக்கு முன் நின்றால் எவ்வளவு என்பதற்கு ஒவ்வொரு இடத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. கிளம்பும் முன் கவுன்டருக்குப் போய்க் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குப் போய்ப் போன் செய்தால் கிடைப்பது கஷ்டம்.

9. பிள்ளைகளைக் கூட்டிப் போவதாக இருந்தால்

18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு யூத் ஆன் கோர்ஸ் என்ற திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு சிறு தொகை கட்டி உறுப்பினராகிவிட்டால், திட்டத்தில் சேர்ந்த கோர்ஸ்களில் 5 டாலரோ அதற்குக் குறைவாகவோ கட்டி ஆடலாம். எந்த நேரங்களில் அந்தக் கட்டணம் செல்லும் என்று கோர்ஸ் தனியாக வரம்பு வைத்திருக்கும், பெரும்பாலும் பிற்பகல். அடிப்படையிலிருந்து கற்க வேண்டிய சின்னப் பிள்ளைகளுக்கு ஃபர்ஸ்ட் டீ அமைப்பின் வகுப்புகள் நல்லவை. தென்மேற்கில் இருக்கும் ஜான் ஏ. ஒயிட் 9 ஹோல் கோர்ஸ்தான் அவர்களின் முக்கியமான இடம். வகுப்புகளுக்குப் பதிவு பருவம் தொடங்குவதற்கு முன்பே நிரம்பிவிடும். கோடை விடுமுறைக்கு வேண்டுமென்றால் வசந்தத்திலேயே பார்த்துவையுங்கள்.

பார்-3 கோர்ஸ், கேண்ட்லர் பார்க் போன்ற சின்ன இடங்களில் ஞாயிறு மாலை கூட்டம் குறைந்திருக்கும். பிள்ளை ஒரு ஹோலுக்குப் பத்து அடி எடுத்துக்கொண்டாலும் பின்னால் நின்று யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். தண்ணீர் பாட்டில் இரண்டு, தொப்பி, கொசு மருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.